பெயர் ஒத்துப்போகும் தளங்கள்: ரேங்க் எங்கே அடிபடும், எங்கே அடிபடாது

"நம்ம பேர்லயே இன்னொருத்தர் டொமைன் வாங்கிட்டார், அதுலேருந்துதான் கூகுள்ல கீழ போயிட்டோம்." தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்இஓ வேலை செய்பவர்களின் காதில் அடிக்கடி விழும் புகார் இது. முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதியைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். பல நேரம் ரேங்க் இறங்கியதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கும், பழி மட்டும் பெயர் ஒத்தவர் தலையில் விழும்.

கூகுள் தளங்களைப் பிரித்து வைப்பது முகவரியைக் கொண்டுதான். எழுத்துக்கூட்டு நெருக்கமாக இருக்கிறது என்பதற்காக இரண்டு டொமைன்களின் கணக்கை ஒன்றாகச் சேர்ப்பதில்லை. உங்கள் பெயரின் நடுவே ஒரு ஹைஃபன் போட்டு ஒருவர் தளம் நடத்தினால், அவர் வாங்கிய ஸ்பேம் லிங்க்கும் அவருக்கு விழுந்த அபராதமும் அவரோடு சரி. ஆனால் நான்கு இடங்களில் உண்மையாகவே அடிபடும்: உங்கள் பெயரைத் தட்டித் தேடும் தேடல், உங்களுக்கு வரவேண்டிய லிங்க், மேப்ஸ் பட்டியல், உங்கள் பக்கங்களின் நகல். நான்குக்கும் அறிகுறி வேறு, வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் வக்கீல் நோட்டீஸில் ஆரம்பிப்பது காசுக்குக் கேடு.

முதலில் சர்ச் கன்சோல்

தேடலில் உங்கள் தளத்தின் நிலையைப் பார்க்க கூகுள் தரும் கருவி சர்ச் கன்சோல். அதன் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் 16 மாதத் தரவு இருக்கும். தேடல் சொற்களுக்கு ஃபில்டர் போடும் இடத்தில் கஸ்டம் ரெஜெக்ஸ் (பல வடிவங்களை ஒரே வரியில் பிடிக்கும் முறை) என்று ஒரு தேர்வு உண்டு. உங்கள் பெயர், அதைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வடிவங்கள், வாடிக்கையாளர்கள் வழக்கமாகச் செய்யும் எழுத்துப்பிழைகள் எல்லாவற்றையும் நடுநடுவே | குறி போட்டு ஒரே வரியில் கொடுங்கள். ஒரு முறை 'பொருந்துபவை', இன்னொரு முறை 'பொருந்தாதவை' என்று எடுத்தால் பெயர்த் தேடலும் மற்ற தேடலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கடைசி மூன்று மாதத்தைப் போன வருடத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால் சீசன் வித்தியாசம் உள்ளே புகுந்து குழப்பிவிடும். இரண்டையும் கூட்டினால் மொத்தக் கணக்கு வரவில்லையே என்று பதற வேண்டாம். மிகக் குறைவான பேர் தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக கூகுள் மறைத்துவிடும்; ஃபில்டர் போட்டவுடன் அவை கணக்கிலிருந்து கழன்றுவிடும்.

இப்போது எண்களைப் படிக்க வேண்டும். பெயர் இல்லாத தேடல்களில் கிளிக் விழுந்திருக்கிறது, பெயர்த் தேடல் அப்படியே இருக்கிறது என்றால் பெயர் ஒத்தவருக்கும் உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. கூகுள் தன் தரவரிசை முறையைப் பெரிதாக மாற்றும் கோர் அப்டேட் வந்த தேதிகள், சமீபத்தில் செய்த தள மாற்றம், 'இந்தப் பக்கத்தைப் பட்டியலிடாதே' என்று கூகுளுக்குச் சொல்லும், டெவலப்பர் எடுக்க மறந்த நோஇன்டெக்ஸ் டேக், இவற்றைப் பாருங்கள். பெயர்த் தேடலில் இம்ப்ரெஷன் (பட்டியலில் உங்கள் தளம் தெரிந்த எண்ணிக்கை) பழைய அளவிலேயே இருக்க, சராசரி இடம் 1-ஐ ஒட்டி இருந்தது 2, 3 என்று நகர்ந்து கிளிக்கும் குறைந்திருந்தால், ஆம், உங்கள் இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள்.

மூன்றாவது நிலைதான் அதிகம் பேரை ஏமாற்றுவது. பெயர்த் தேடலில் இம்ப்ரெஷன் திடீரென்று பல மடங்கு ஏறியிருக்கும், கிளிக் எண்ணிக்கை அசையாமல் இருக்கும், சிடிஆர் (தெரிந்ததில் கிளிக் ஆன விகிதம்) அதல பாதாளத்தில் கிடக்கும். மாத அறிக்கையில் பார்த்தால் பகீர் என்றிருக்கும். நடந்தது இவ்வளவுதான்: பெயர் ஒத்தவர் பிரபலமாகிவிட்டார், அவரைத் தேடுகிறவர்களுக்கும் உங்கள் தளம் பட்டியலில் தெரிகிறது, அவர்கள் உங்களைக் கிளிக் செய்யவில்லை. உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்கூடக் குறையவில்லை. இந்தக் கட்டத்தில் தலைப்பை மாற்றுவது, பக்கத்தைத் திருத்துவது எல்லாம் வீண் வேலை. ஆனால் கண்ணை எடுக்காதீர்கள்; மூன்றாவது நிலை சில மாதங்களில் இரண்டாவது நிலையாக மாறக்கூடும். ஏன் என்று கீழே வருகிறது.

இதன் உச்சக்கட்ட உதாரணம் 2006-இல் நடந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் குழாய் தயாரிக்கும் இயந்திரங்களை விற்கும் யுனிவர்சல் டியூப் அண்ட் ரோல்ஃபார்ம் எக்விப்மென்ட் என்ற நிறுவனம். அவர்களுடைய டொமைன், 'யு' என்ற ஒற்றை எழுத்தோடு 'டியூப்' சேர்ந்த டாட் காம். யூடியூப் பிரபலமானதும், காதில் கேட்டபடி தட்டியவர்கள் லட்சக்கணக்கில் அங்கே போய் இறங்கினார்கள். சர்வர் படுத்துவிட்டது, நிறுவனம் யூடியூப் மீது வழக்கே போட்டது. கவனிக்க வேண்டியது, அவர்களைச் சாய்த்தது தேவையில்லாத டிராஃபிக். ரேங்க் இழப்பு என்ற பேச்சே அங்கே எழவில்லை.

பெயர்த் தேடலை யார் வெல்கிறார்கள்

ஒருவர் வெறும் பெயரை மட்டும் தட்டினால், அவர் ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக நினைக்கிறார் என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். எந்தத் தளம் என்று முடிவு செய்ய அதற்கு இரண்டு பெரிய தடயங்கள். ஒன்று, அந்தப் பெயரையே ஆங்கர் வார்த்தையாக (லிங்க் உட்கார்ந்திருக்கும் சொல்லாக) வைத்து மற்ற தளங்கள் எங்கே லிங்க் கொடுக்கின்றன என்பது. இன்னொன்று, அதே பெயரைத் தேடிய முந்தைய ஆட்கள் எதைக் கிளிக் செய்து அங்கேயே நின்றார்கள் என்பது. இந்த இரண்டாவதைப் பற்றி வெளியே வெகுகாலம் ஊகமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். 2023-இல் அமெரிக்க அரசு கூகுள் மீது நடத்திய ஏகபோக வழக்கு விசாரணையில் நவ்பூஸ்ட் என்ற அமைப்பு இருப்பதும், அது 13 மாதக் கிளிக் தரவைக் கொண்டு இயங்குவதும் சாட்சியத்தில் வெளிவந்தன. மேலே சொன்ன மூன்றாவது நிலை இரண்டாவதாக மாறுவது இதனால்தான். பெயரைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் அவரையே கிளிக் செய்தால், மாதங்கள் போகப் போக அந்தப் பெயருக்கு அவரே பதில் ஆகிவிடுகிறார்.

பெயர் எவ்வளவு பொதுவானதோ அவ்வளவு பலவீனம். தொழிலின் பெயரையே டொமைனாக வைத்தால் ரேங்க் கிடைக்கும் என்ற காலம் ஒன்று இருந்தது. 2012 செப்டம்பரில் கூகுள் வெளியிட்ட எக்ஸாக்ட் மேட்ச் டொமைன் அப்டேட், தரம் குறைந்த தளங்களுக்கு அந்தச் சலுகையை வெட்டியது. அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதம் பாதிக்கப்படும் என்று அப்போது அறிவித்தார்கள். இன்றைக்கும் அகராதிச் சொல்லைப் பெயராக வைத்தவருக்குச் சிக்கல் இரண்டு மடங்கு. அந்தச் சொல்லைத் தேடுகிறவர்களில் உங்களைத் தேடுபவர் யார், பொருளைத் தேடுபவர் யார் என்று கூகுளுக்கே தெரியாது. உங்களுக்கு முன்பே அந்தச் சொல்லை வைத்திருக்கும் தளங்களும் வரிசையில் நிற்கும்.

புதிதாக உருவாக்கிய பெயருக்கு வேறொரு தொல்லை. புழக்கத்தில் உள்ள சொல்லிலிருந்தோ பெரிய பிராண்டிலிருந்தோ ஓரெழுத்துத் தள்ளி உங்கள் பெயர் இருந்தால், கூகுள் அதை எழுத்துப்பிழை என்று எண்ணித் தானே திருத்திவிடும். தேடியவருக்கு உங்கள் பெயருக்கான முடிவே வராது. பெரியவருடைய முடிவுகள் வரும், மேலே சின்னதாக 'இதற்குப் பதிலாக இதைத் தேடு' என்று ஒரு வரி. இதை நிறுத்த எந்த டேக்கும் கிடையாது, எந்த செட்டிங்கும் கிடையாது. மற்ற தளங்களில் அந்த எழுத்துக்கூட்டில் உங்கள் பெயர் வரத் தொடங்கி, மக்கள் அதே எழுத்துக்கூட்டில் தேடி, திருத்தத்தை மீறி உங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகுதான் அது ஓயும். பெயர் வைப்பதற்கு முன்பே தேடிப் பார்த்தால் இந்தக் காத்திருப்பு மிச்சம். லோகோ அச்சாகி வந்த பிறகு யாரும் பெயரை மாற்றச் சம்மதிப்பதில்லை.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை

முகப்புப் பக்கத்தின் டைட்டில் டேக்கில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பெயர், என்ன தொழில், எந்த ஊர் அல்லது எந்தத் துறை, இந்த மூன்றும் வரட்டும். தேடல் பட்டியலில் இரண்டு தளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும்போது கிளிக் செய்கிறவர் பிரித்தறிவது அந்த ஒரு வரியை வைத்துத்தான். தளத்தின் பெயரருகே தெரியும் குட்டிப் படமான ஃபேவிகானும் அப்படியே. பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டிருந்தால், பெயர் ஒத்தவரும் அதையேதான் செய்திருப்பார்.

2022 அக்டோபரிலிருந்து கூகுள் முடிவுகளில் தளத்தின் பெயரைத் தனியாகக் காட்டுகிறது. அதை எடுக்கும் முதன்மையான இடம் முகப்புப் பக்கத்தில் இருக்கும் வெப்சைட் வகை ஸ்கீமா (தேடுபொறி படிப்பதற்கென்று பக்கத்தின் குறியீட்டில் எழுதும் விவரம்). அதில் நேம் என்ற இடத்தில் பெயரும், ஆல்டர்னேட்நேம் என்ற இடத்தில் மாற்றுப் பெயர்களும் கொடுக்கலாம். இந்த ஸ்கீமா டொமைனுடைய அல்லது சப்டொமைனுடைய முகப்பில் இருக்க வேண்டும். சப்ஃபோல்டரில் போட்டால் அந்த ஃபோல்டருக்கென்று தனிப்பெயர் வராது. பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் முகப்புப் பக்கத்தைப் படிக்க முடியாமல் தடுத்திருந்தாலும் வராது. நீங்கள் கேட்கும் குறும்பெயர் வேறொரு பெரிய தளத்துக்கு உரியதாகத் தெரிந்தால் கூகுள் அதை ஏற்காமல் போகலாம். அப்போது மாற்றுப் பெயர் வரிசையில் முழுப்பெயரைச் சேருங்கள். அதுவும் எடுபடவில்லை என்றால் டொமைன் பெயரையே தளப்பெயராகக் கொடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் குழப்பம் தீரும்.

அடுத்தது ஆர்கனைசேஷன் ஸ்கீமா. சட்டப்படி பதிவான பெயர், லோகோ, முகவரி, தொலைபேசி, தொடங்கிய தேதி, வரிப் பதிவு எண் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. சேம்ஆஸ் என்ற இடத்தில் உங்கள் அதிகாரபூர்வ சமூக வலைப் பக்கங்களின் முகவரிகளைக் கொடுப்பீர்கள். பலர் பாதியில் விடுவது இங்கேதான். தளம் அந்தப் பக்கங்களைக் காட்டுகிறது, அந்தப் பக்கங்களின் விவரப் பகுதியில் பழைய டொமைன் இருக்கிறது, அல்லது ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சுட்டினால்தான் இது ஒரே நிறுவனம் என்ற முடிவுக்கு வர முடியும். தேடல் முடிவுகளோடு வரும் விவரப் பெட்டியான நாலெட்ஜ் பேனலில் உங்கள் பெயருக்குக் கீழே அடுத்தவர் லோகோ வந்து உட்காருவது பெரும்பாலும் இந்த மாதிரி ஓட்டைகளால்தான். பேனலைக் கிளெய்ம் செய்து திருத்தம் கேட்கலாம், ஆனால் அடிப்படைத் தரவைச் சரிசெய்யாமல் கேட்டால் திருத்தம் நிற்காது.

வழிதவறும் லிங்க்குகள்

செய்தி எழுதுபவர் உங்கள் பெயரைச் சரியாக எழுதுவார், லிங்க் கொடுக்கும்போது பழக்கதோஷத்தில் டாட் காம் போட்டுவிடுவார். நீங்கள் இருப்பது டாட் நெட்டிலோ நாட்டுக்குறியீட்டு டொமைனிலோ என்றால் அந்த லிங்க் பெயர் ஒத்தவருக்குப் போய்விடும். நேரடியாகவே ரேங்க்கைத் தொடும் பாதிப்பு இது. அதே சமயம் மிக மலிவாகச் சரிசெய்யக் கூடியதும் இதுவே. ஓவர்ஸ்டாக் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் 2011-இல் ஓரெழுத்து டாட் கோ முகவரிக்குப் பெயர் மாறப் பார்த்தது. வாடிக்கையாளர்கள் டாட் காம் என்றே தட்டிக்கொண்டிருந்ததால் பின்வாங்கியது. விளம்பரத்துக்குக் கொட்டிக் கொடுத்தும் அந்தப் பழக்கத்தை மாற்ற முடியவில்லை.

தேடும் முறை எளிது. உங்கள் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஒரு தளத்துக்குள் மட்டும் தேட வைக்கும் சைட் ஆபரேட்டரின் முன்னால் கழித்தல் குறி வைத்து உங்கள் டொமைனை விலக்கித் தேடுங்கள். உங்களைப் பற்றிய ஒவ்வொரு பக்கத்திலும் லிங்க் எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு தளத்துக்கு யார் லிங்க் கொடுக்கிறார்கள் என்று காட்டும் ஏதாவது ஒரு பேக்லிங்க் கருவியில் பெயர் ஒத்தவரின் டொமைனைக் கொடுத்து, ஆங்கர் வார்த்தைகளில் உங்கள் பொருளின் பெயரோ உங்கள் ஊரோ வருகிறதா என்று அலசுங்கள். கிடைத்தவர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது மூன்றே விஷயம் இருக்கட்டும்: கட்டுரையின் முகவரி, தவறான லிங்க் உள்ள வாக்கியம், சரியான லிங்க். நிறுவன வரலாறு வேண்டாம். தவறான லிங்க் தங்கள் வாசகரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது என்பதால் பெரும்பாலான ஆசிரியர்கள் திருத்திவிடுவார்கள்.

ஒத்த டொமைன்களை நாமே வாங்கிப் போடலாமா? அளவாக. ஹைஃபன் உள்ளதும் இல்லாததும், ஒருமையும் பன்மையும், டாட் காம், உங்கள் நாட்டுக்குறியீடு, போனில் சொன்னால் தவறாகக் காதில் விழும் ஒரு வடிவம். அவ்வளவுதான். எல்லாவற்றையும் 301 ரீடைரக்ட்டில் (நிரந்தரமாக வேறு முகவரிக்கு அனுப்பும் முறை) முதன்மைத் தளத்துக்குத் திருப்புங்கள். இதனால் ரேங்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழிதவறி வருகிறவர்களைப் பிடித்துக்கொடுக்கும், அதற்கு மேல் இல்லை. வாங்கிய ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சின்னச் சின்னத் தளம் கட்டுவது இன்னும் மோசம். உங்களுக்கு நீங்களே பெயர் ஒத்தவர் ஆகிவிடுகிறீர்கள்.

பத்து வருடம் புதுப்பிக்கத் தயாரில்லாத டொமைனை வாங்கவே வாங்காதீர்கள். காலாவதியான டாட் காம் உடனே போய்விடாது. டொமைனைப் பதிந்து தரும் ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், கடைசியாக அழிப்புக்குக் காத்திருக்கும் 5 நாள். அது முடிந்த நொடியில், உங்கள் பழைய லிங்க்குகளுக்காகவே காத்திருக்கும் ஆட்கள் எடுத்துவிடுவார்கள். இருப்பதிலேயே அபாயமான பெயர் ஒத்தவர், நீங்களே கைவிட்ட உங்கள் பழைய டொமைன்தான். பழைய செய்திகள், அரசு இணையதளப் பட்டியல், சப்ளையர் பக்கம் எல்லாமே அதைத்தான் சுட்டிக்கொண்டிருக்கும். இப்படி வாங்கி ரேங்க் பிடிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் கொள்கையில் சேர்த்தது. அதனால் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. டொமைன் மாறும்போது சர்ச் கன்சோலின் சேஞ்ச் ஆஃப் அட்ரஸ் கருவி 180 நாள் உதவும், ரீடைரக்ட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். ஆனால் டொமைனை அதோடு விட்டுவிடக் கூடாது. பழைய டொமைன் மின்னஞ்சலில் பதிவான கணக்குகளின் பாஸ்வேர்டு ரீசெட் கடிதங்கள் புது உரிமையாளருக்குத்தான் போகும். ரேங்க் இழப்பெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம்.

உங்கள் பக்கங்களே அங்கே இருந்தால்

ஒத்த பெயர், அதோடு உங்கள் பக்கங்களும் அப்படியே அங்கே இருந்தால் கதை வேறு. கூகுள் இரண்டு பிரதிகளில் ஒன்றைத்தான் காட்டும், அது உங்களுடையதாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. சர்ச் கன்சோலில் யுஆர்எல் இன்ஸ்பெக்ஷனுக்குப் போய் பாதிக்கப்பட்ட பக்கத்தைக் கொடுங்கள். 'கூகுள் தேர்ந்தெடுத்த கேனானிக்கல்' (மூலம் என்று கூகுள் எண்ணும் முகவரி) என்ற இடத்தில் வேறொரு டொமைன் தெரிந்தால் நோய் உறுதி.

நகல் மூன்று வகை, வகை தெரியாமல் கைவைத்தால் பலன் இல்லை. பரிசோதனை இப்படி: அவர்களுடைய டொமைனில், முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, யாருமே தட்டியிருக்க முடியாத ஒரு எழுத்துக்கோவையைச் சேர்த்துத் திறங்கள். உடனே உங்கள் சர்வரின் ஆக்சஸ் லாக்கில் (யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற பதிவு) அந்தக் கோவையைத் தேடுங்கள். லாக்கில் இல்லை என்றால் அது ஒரு நாளில் எடுத்து வைத்த செத்த நகல். லாக்கில் இருக்கிறது, ஐபி நீங்கள் திறந்த கணினியுடையதாக இல்லை என்றால், ரிவர்ஸ் ப்ராக்ஸி (நடுவில் நின்று பக்கத்தை வாங்கிக் கொடுக்கும் சர்வர்) வைத்து உங்கள் தளத்தை அந்தந்த நொடியில் எடுத்துக் காட்டுகிறார்கள். லாக்கில் உங்கள் கணினியின் ஐபியே இருக்கிறது என்றால் அவர்கள் எதையும் நகலெடுக்கவில்லை. டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் தங்கள் டிஎன்எஸ்-ஐ உங்கள் சர்வர் ஐபிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், உங்கள் சர்வரும் கேட்டவருக்கெல்லாம் பக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கடைசி வகை பார்க்க மிரட்டலாக இருந்தாலும் தீர்ப்பது சுலபம். பெரும்பாலும் கெட்ட எண்ணம்கூட இருக்காது. அந்த ஐபி முன்பு அவர்களிடம் இருந்திருக்கும், டிஎன்எஸ்-ஐ மாற்ற மறந்திருப்பார்கள். உங்கள் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால், தெரியாத ஹோஸ்ட்பெயருக்கென ஒரு டீஃபால்ட் சர்வர் பிளாக் வைத்து, 444 கொடுத்து இணைப்பைத் துண்டியுங்கள். அப்பாச்சி என்றால், முதலில் வரும் விர்ச்சுவல் ஹோஸ்ட்தான் டீஃபால்ட் என்பதால், உங்கள் தளத்துக்கு முன்னால் ஒரு காலி ஹோஸ்ட்டை வைத்து அதில் மறுப்பைக் கொடுங்கள். சிடிஎன் (உங்கள் சர்வருக்கு முன்னால் நின்று பக்கங்களை வழங்கும் சேவை) வைத்திருந்தால், மூல சர்வரின் ஃபயர்வாலில் சிடிஎன் ஐபிகளை மட்டும் அனுமதியுங்கள். இதை விட்டால் சிடிஎன் முன்வாசலில் நிற்கும், பின்வாசல் திறந்து கிடக்கும்.

ப்ராக்ஸி வகையில் லாக்கில் பிடித்த ஐபிதான் துருப்புச்சீட்டு. அவர்கள் பார்வையாளர்களுக்குக் காட்டும் முகம் ஏதாவது ஒரு சிடிஎன் பின்னால் ஒளிந்திருக்கும், ஆனால் உங்கள் பக்கத்தை எடுக்க வரும் ஐபி பெரும்பாலும் அவர்களுடைய உண்மையான சர்வர். அதைத் தடுங்கள், அந்த ஐபியின் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு லாக் வரிகளோடு அப்யூஸ் புகார் அனுப்புங்கள். ஐபியை மாற்றிக்கொண்டு திரும்ப வருவார்கள். அதே ஹோஸ்டிங் நிறுவனத்தின் முழு வரம்பையும் தடுத்தால் பெரும்பாலும் சலித்துப் போவார்கள்.

செத்த நகலுக்கு கூகுளின் காப்புரிமை நீக்கப் படிவம். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற காப்புரிமைச் சட்டத்தின்படி இயங்குவது. ஒவ்வொரு நகல் பக்கத்துக்கும் எதிரே உங்கள் மூலப் பக்கத்தின் முகவரி கொடுக்க வேண்டும். 'முழுத் தளமும் நகல்' என்று ஒற்றை வரியில் எழுதினால் நடக்காது. புகாரின் பிரதி லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போகும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். இந்த மூன்றுக்கும் முன்னெச்சரிக்கை ஒன்றே: கேனானிக்கல் டேக்கிலும் உள் லிங்க்குகளிலும் டொமைனோடு சேர்ந்த முழு முகவரி. சோம்பேறித்தனமாக நகலெடுப்பவர்கள் கேனானிக்கலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போவார்கள், அது உங்களையே மூலம் என்று காட்டிக்கொடுக்கும். டொமைனைத் தேடி மாற்றும் அளவுக்குக் கெட்டிக்காரர்களிடம் இது பலிக்காது.

மேப்ஸ்

ஒரே ஊரில், ஒரே வகையில், ஒத்த பெயரில் இரண்டு நிறுவனங்கள் என்றால் பிசினஸ் ப்ரொஃபைலில் மூன்று விதமாகக் கெடும். இரண்டும் நகல் என்று எண்ணி கூகுள் ஒன்றாக இணைத்துவிடலாம். ஒருவருடைய விமர்சனம் அடுத்தவருக்கு விழலாம். நல்லெண்ணத்தில் யாரோ 'திருத்தம் பரிந்துரை' செய்து உங்கள் இணையதள முகவரியையே மாற்றிவிடலாம். மூன்றாவதுதான் நடப்பது தெரியாமல் நடக்கும். மாதம் ஒரு முறை உங்கள் ப்ரொஃபைலின் வெப்சைட் பட்டனை அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் காட்டுவதற்காகப் பெயரோடு தொழிலையும் ஊரையும் ஒட்டிக்கொள்வதற்கு கூகுளின் விதியில் இடமில்லை, ப்ரொஃபைலே முடங்கும். பெயர்ப்பலகையில் உள்ளதுதான் பெயர். தனித் தொலைபேசி எண், சரியான வகை, பெயர்ப்பலகை தெரியும் புகைப்படம், இவைதான் இணைந்துபோனதைப் பிரிக்கக் கேட்கும்போது கைகொடுக்கும்.

அவர்களுடைய கெட்ட பெயர்

பெயர் ஒத்தவர்களுக்கு விழுந்த மேனுவல் ஆக்ஷன் (கூகுள் ஊழியர் பார்த்து விதிக்கும் அபராதம்) உங்களைத் தொடாது. சந்தேகமாக இருந்தால் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன், செக்யூரிட்டி இரண்டு பக்கங்களையும் பாருங்கள். காலியாக இருந்தால் காலிதான். உங்கள் பெயர் ஏதாவது ஆபாசத் தளத்தின் பெயரோடு ஒத்துப்போனால் மட்டும் ஒரு சோதனை தேவை. ஆபாச முடிவுகளை மறைக்கும் சேஃப்சர்ச்சை முழுதாக இயக்கி சைட் ஆபரேட்டரில் உங்கள் தளத்தைத் தேடுங்கள். இயக்காதபோது தெரிந்த பக்கங்கள் இயக்கியதும் காணாமல் போனால் கூகுள் உங்களைத் தவறாக வகைப்படுத்தியிருக்கிறது, மறுஆய்வு கேட்கலாம்.

தட்டும்போதே மீதிச் சொற்களைப் பரிந்துரைக்கும் ஆட்டோகம்ப்ளீட் வேறு வகை. உங்கள் பெயரைத் தட்டியதும் பக்கத்தில் 'மோசடி' என்று வந்தால், தேடியவர்கள் நினைத்தது அவரைப் பற்றி, அடி வாங்குவது நீங்கள். இதற்கு உருப்படியான மருந்து ஒரு நேர்மையான பக்கம். தலைப்பிலேயே உங்கள் பெயரையும் அவர்களுடைய பெயரையும் போட்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எழுதுங்கள். உங்கள் பதிவு எண், முகவரி, டொமைன் எது, பணம் கேட்டு எந்த எண்ணிலிருந்து அழைப்பீர்கள் அல்லது அழைக்க மாட்டீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அவர்கள் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். குழம்பித் தேடுகிறவர்களுக்கு நேர் பதில் சொல்லும் பக்கம் அதிகம் இருக்காது என்பதால், இந்த மாதிரிப் பக்கம் சீக்கிரம் மேலே வரும்.

டொமைனையே கேட்பது

டாட் காம் போன்றவற்றுக்கு டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் யுடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் நடைமுறை 1999-இலிருந்து இருக்கிறது. மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: டொமைன் உங்கள் டிரேட்மார்க்கோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். இரண்டு போதாது. இந்தத் தகராறுகளை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவர் முன் ஐந்து டொமைன் வரைக்கும் கட்டணம் 1,500 டாலர், வக்கீல் செலவு தனி, ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். கிடைப்பது டொமைன் மாற்றம் அல்லது ரத்து, நஷ்டஈடு கிடையாது. டிரேட்மார்க்கே இல்லாமல் இதில் இறங்குவதில் பொருளில்லை. உங்கள் உரிமை பிறப்பதற்கு முன்பே அவர் டொமைன் வாங்கியிருந்தாலும் கிட்டத்தட்ட தோல்விதான். டொமைனில் நியாயமான உரிமை இருந்தவருக்கு ஓர் உதாரணம்: நிசான் கார் நிறுவனம் 1999-இல் உசி நிசான் என்பவர் மீது வழக்குப் போட்டது. தன் குடும்பப் பெயரில் கணினி வியாபாரம் செய்தவர் அவர், டாட் காமை 1994-இலேயே பதிந்திருந்தார். வழக்கு பல ஆண்டு இழுத்தது, டொமைன் அவரிடமே இருந்தது.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள், அனுப்பிய மறுநாள் தளம் மாறியிருக்கும். தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், வேபேக் மெஷினில் பழைய வடிவங்கள், டொமைன் பதிவுத் தேதி, உங்களைத் தேடிப் போய் அங்கே ஏமாந்த வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்கள். பதிவுத் தேதி பொதுவில் கிடைக்கும், பதிந்தவர் பெயர் 2018-க்குப் பிறகு பெரும்பாலும் மறைந்தே இருக்கும். புகார் பதிவானதும் ரிஜிஸ்ட்ரார் அதை நடுவர் அமைப்புக்குக் கொடுப்பார்.

வென்று டொமைன் கைக்கு வந்ததும் அவசரப்பட்டு ரீடைரக்ட் போடாதீர்கள். டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவு மூலம் அதை உங்கள் சர்ச் கன்சோலில் சேர்த்து, மேனுவல் ஆக்ஷன் ஏதாவது தொங்குகிறதா, லிங்க் அறிக்கையில் என்ன குப்பை இருக்கிறது என்று பாருங்கள். சுத்தமாக இருந்தால், உங்களை நினைத்துப் பிறர் லிங்க் கொடுத்திருந்த முகவரிகளை உரிய உள்பக்கங்களுக்கு ஒவ்வொன்றாக 301 செய்யுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் அவற்றில் பலவற்றை கூகுள் சாஃப்ட் 404 (இல்லாத பக்கத்துக்குச் சமம்) என்று தள்ளிவிடும். ஸ்பேம் வரலாறு இருந்தால் ரீடைரக்ட்டே வேண்டாம். 'இந்தப் பக்கம் இனி இல்லை' என்று சொல்லும் 410 கொடுத்துவிட்டு, அந்த முகவரியிலிருந்து யாரும் மின்னஞ்சல் அனுப்ப முடியாதபடி எஸ்பிஎஃப் பதிவை மூடி, டொமைனை வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டிருங்கள்.